காற்றின் கடைமடை

மெக்சிகோ சிட்டியின் வடகோடியில் குவாவ்தெபெக் என்றொரு மேட்டுப்பகுதி. அங்கே தெருவுக்குத் தெரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். ஊர்க்காரர்கள் ‘வோச்சோ’ என்பார்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் அந்தப் பாரத்தில் பின்சக்கரங்கள் சாலையை இறுகப் பிடிக்கும். செங்குத்தான ஏற்றங்களில் இன்றும் டாக்சியாக ஓடுவது அதனால்தான்.

நான் போனது வோச்சோக்களைப் பழுதுபார்க்கும், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டுக்கு. துணி காயும் முற்றத்தில் 1970 மாடல் வண்டி நின்றது. வீட்டுக்காரரைத் தெருவே ‘மாயெஸ்த்ரோ’ என்று அழைக்கிறது. போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த ‘மேஸ்திரி’யும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். கூட வேலை செய்பவர் அவர் மகள். அவர்கள் பேசிய ஸ்பானிய மொழியை என்னோடு வந்த நண்பர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எஞ்சினை இறக்க கிரேன் வேண்டியிருக்கவில்லை. வயர்களையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி, அடியில் ஜாக் கொடுத்து, நான்கு போல்ட்டுகளை எடுத்தார்கள். நூறு கிலோவுக்குச் சற்று மேலான எஞ்சின் தரைக்கு வந்துவிட்டது.

ரேடியேட்டர் இல்லை, தண்ணீரும் இல்லை. மெக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க்கேஸ் நடுவே இரண்டாகப் பிளக்கிறது. நான்கு சிலிண்டர்களும் தனித்தனியானவை. சூட்டை வெளியேற்ற ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய விளிம்புகள். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்தால் லேத்துக்குத் தூக்கிப் போக வேண்டாம். பிஸ்டனோடு சேர்த்துப் புது சிலிண்டர் கிடைக்கிறது. வீட்டு முற்றத்தில் இந்த வேலை நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாயெஸ்த்ரோ ஒரு எக்ஸாஸ்ட் வால்வை என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் கருகி அரித்திருந்தது. “மூன்றாவது சிலிண்டர். பெரும்பாலும் அதுதான் முதலில் போகும்” என்றார்.

ஃபேன் தள்ளும் காற்று தகரக் கூண்டுக்குள் பிரிந்து நான்கு சிலிண்டர்களுக்கும் போகிறது. இந்தப் பழைய அமைப்பில் ஆயில் கூலர் கூண்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. கூலர் மறித்ததுபோக மிஞ்சிய, ஏற்கெனவே சூடான காற்றுதான் அதற்கு. காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது கடைமடை. 1971 மாடலில் கூலரைக் கூண்டுக்கு வெளியே தள்ளி, அதன் சூட்டுக்குத் தனிப் போக்கு கொடுத்தார்கள்.

மகள் சிலிண்டர்களைச் சுற்றி வரும் தகடுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பு யாரோ இரண்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். அவற்றைத் தேடி வாங்கி வந்திருந்தாள். “இவை இல்லாமலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். அதுதான் ஆபத்து” என்றாள். தகடு இல்லாத இடத்தில் காற்று விளிம்புகளைத் தொடாமலே நழுவிவிடும். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் இது. காற்று மெலிந்தது, சூட்டைக் குறைவாகத்தான் சுமக்கும். இருப்பதையும் வீணாக்க முடியாது.

பூட்டும் வேலை நிதானமாக நடந்தது. கிராங்க் பல்சக்கரத்தின் இரு புள்ளிகளுக்கு நடுவே கேம் சக்கரத்தின் ஒற்றைப் புள்ளி அமர வேண்டும். கேஸின் இரு பாதிகளுக்கு இடையே கேஸ்கெட் கிடையாது. மெல்லிய பசைப் பூச்சு மட்டும். ஃப்ளைவீல் பக்கம் மூன்று ஷிம்கள், மெல்லிய வளையங்கள். கிராங்க் முன்பின் அசைவது 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். மகள் டயல் கேஜில் பார்த்தாள்: 0.15. கழற்றி ஷிம்மை மாற்றினாள், இம்முறை 0.05. மூன்றாம் முறை 0.10. அதுவரை தந்தை கை நீட்டவே இல்லை.

2003 ஜூலை 30 அன்று புவெப்லா ஆலையில் கடைசி வோச்சோ இறங்கியது. உலகெங்கும் உருவானவை மொத்தம் 2,15,29,464. ஆலை கைவிட்ட பொறுப்பை இப்படிப்பட்ட முற்றங்கள் ஏற்றிருக்கின்றன. இந்த அறிவு அடுத்த கைக்குப் போவதை நேரில் பார்த்தது என் பேறு.

மறுநாள் மாலை எஞ்சின் உயிர்பெற்றது. நாங்கள் எல்லோரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் ஒரு காகிதத் துண்டோடு குனிந்து, தகடுகளின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தாள். மூன்றாம் சிலிண்டர் பக்கம் காகிதம் படபடத்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். முறை வைத்த ராத்திரியில் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வருகிறவர் மடையில் கசிவைக் கண்டதும் உட்கார்வதுபோல உட்கார்ந்து, அந்தத் தகட்டின் திருகைத் தளர்த்தினாள்.