தூரம்

அக்காவுடன் ஒரே அறையில் படுத்தால் முதல் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வராது. அவள் நெஞ்சுக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்கும். வெளியூர் ஆட்கள் சுவர்க்கடிகாரத்தைத் தேடுவார்கள். ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து காற்று அடிக்கிற இரவுகளில் மட்டும் கொஞ்சம் அமுங்கும்.

அது சித்ரா வால்வு. வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. அக்காவுக்கு 2010இல் மதுரையில் வைத்தார்கள். கலைஞர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் நடந்திருக்காது.

நோய் அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. 1987இல் அக்காவுக்குப் பதினொரு வயது. விடியுமுன் வரும் வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போவாள். எனக்கு எட்டு வயது; பள்ளிக்கூடம் போனேன். இருவரில் யார் படிப்பது என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக நினைவில்லை. தொண்டை வலித்தது அவளுக்கு, காய்ச்சல் வந்தது. பிறகு முட்டி வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். அம்மா வாதம் என்று எண்ணெய் தேய்த்தாள். வீக்கம் வடிந்ததும் மறுபடி வேன்.

அதன் பெயர் ருமாட்டிக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, தவறிப்போய்த் தன் இதய வால்வையே தாக்கிவிடுகிறது. இந்த நோய் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டிருந்தால் மறுபடி மறுபடி கடிக்காமல் தடுத்திருக்கலாம். நெருக்கமான வீடுகளின் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் தங்குகிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்த மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னபோது, அக்காவுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது.

முதல் பிள்ளை ஆறு மாதமாக இருக்கையில் மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. அப்போதுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. ‘சீக்காளிப் பிள்ளையத் தலையில கட்டிட்டாக’ என்றார் மாமியார். எங்களுக்கே தெரியாத ஒன்றை மறைத்ததாகப் பழி.

வால்வு வைத்தபின் ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க. மாதமொருமுறை ஐஎன்ஆர் பார்க்க வேண்டும், 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருப்பது நல்லது. குறைந்தால் தட்டில் ரத்தம் கட்டும், கூடினால் எங்காவது கசியும். இதற்கெல்லாம் நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, அளவு, எந்தக் கீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை. நல்ல தங்கச்சி என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

2022இல் ஒரு மாதம் 1.4 வந்தது. முந்தைய சில மாதங்களிலும் இறக்கம்தான். நான் முருங்கைக்கீரையைக் குற்றம் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கத்தினேன். அக்கா பதில் பேசவில்லை. இரவு விளக்கணைத்த பிறகு சொன்னாள்:

‘தூரமான நாள்ல போட மாட்டேன்டி. போட்டா நிக்க மாட்டேங்குது. அஞ்சு நாள் பத்து நாளாவுது. பட்டாசு ஆபீஸ்ல எத்தன தடவ எந்திரிச்சுப் போக? எண்ணிக்கைக்குத்தான கூலி. கேக்குற ஆளும் ஆம்பள.’

‘எத்தன வருசமா?’

‘ஆபரேசன் பண்ணதுலருந்தே அப்படித்தான். ஒவ்வொரு மாசம் போடுவேன், ஒவ்வொரு மாசம் விட்ருவேன்.’

பன்னிரண்டு வருடம். மாதவிலக்கைப் பற்றி ஆறு கவிதை எழுதியவள் நான். அதில் இரண்டைக் கருத்தரங்குகளில் வாசித்திருக்கிறேன். ரத்தம் இளகினால் அந்த நாட்களில் என்ன ஆகும் என்று என் அக்காவிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அவளைப் பார்த்த மருத்துவர்களும் கேட்கவில்லை. மூக்கில் ரத்தம் வருதா, பல் ஈறில் வருதா என்று மட்டும் கேட்டார்கள்.

அடுத்த வாரம் உடன் போனேன். புது மருத்துவர், சின்னப் பையன். நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள், ‘சார், தூரமானா மாத்திரைய நிறுத்திருவேன்.’

‘எவ்வளவு தூரம்மா? டிராவல் பண்ணும்போதா?’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ‘ரத்தம் சார். மாசாமாசம் வருதுல்ல, அது. மாத்திரை போட்டா பத்து நாளு போவுது. துணி தாங்கல.’

அவர் பேனாவை வைத்தார். ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார், 7.2. வால்வில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று எக்கோ எடுத்தார்கள், இல்லை. முதலில் பார்த்த மகப்பேறு மருத்துவர், வயது ஆகிவிட்டதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். ரத்தத்தை இளக்கும் மாத்திரையில் இருப்பவளுக்கு இன்னொரு அறுவை! அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது மருத்துவர், இதய மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சாதனம் ஒன்றை வைத்தார். ஒழுக்குக் குறைய நாலைந்து மாதம் பிடித்தது.

இப்போது நோட்டு அக்காவிடம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் கற்றுக்கொண்ட எண்களோடு, எழுத்துக்கூட்டி அவளே எழுதுகிறாள். நான் போட்ட கோடுகளுக்குப் பக்கத்தில் கோணலாக இன்னொரு கோடு இழுத்து, மேலே ‘தூரம்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். போன மாதத்துக்கு நேரே: 3 நாள், மாத்திரை போட்டது, 2.8.