அக்கரைத் தமிழ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

பிறந்த மண்ணை விட்டு வேறு நாட்டில் குடியேறியவன் அந்த நாட்டோடு கலந்துவிட வேண்டுமா, தன் பண்பாட்டைக் காத்துத் தனித்து நிற்க வேண்டுமா என்பது பட்டிமன்றங்களுக்கு ஏற்ற தலைப்பு. லண்டனிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் அதைப் பேசுகிறோம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலும் அந்தக் கேள்வி உண்டு. அங்கே குடியேறியவர்களும் தமிழர். அவர்களை ஏற்ற மண்ணும் தமிழ் மண். பின் எதோடு எது கலப்பது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அப்பாயி கைநாட்டு. இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கடல் கடந்தவராம். மூன்று தலைமுறை அந்த மலையில் காப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கில் வந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் அப்பாயியின் உடன்பிறந்த தங்கை மட்டும் அந்தக் கணக்கில் அக்கரைப் பக்கம் விழுந்துவிட்டார்.

1973இல் தாத்தாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் சில நாள். முன்னொரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடமும் அதே மண்டபம்தான். அங்கிருந்து நேரே துறையூர்ப் பக்கம் போனார்கள். தலைமுறை தலைமுறையாக வாயால் சொல்லிச் சொல்லிக் காத்து வந்த ஊர்ப் பெயர் அல்லவா! ஊர் இருந்தது, குலதெய்வக் கோயிலும் இருந்தது. ‘நீங்க யாரு?’ என்று கேட்க மட்டும்தான் ஆள் இருந்தார்கள். ‘சிலோன்காரங்க’ என்று தெருவே கூடி வேடிக்கை பார்த்ததாம். அங்கே ‘இந்தியத் தமிழர்’, இங்கே ‘சிலோன்காரர்’. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார் தாத்தா. முன்னரே வந்துவிட்டவர்கள் கடிதம் போட, நீலகிரிக்கு வண்டியேறினார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அது, இன்றைய ‘டான்டீ’.

அப்பாயி பேசும் தமிழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு அறையைக் ‘காம்பரா’ என்பார். திண்ணை அவருக்கு ‘இஸ்தோப்பு’. ரொட்டிக் கடையில் ‘பாண்’ கேட்பார். குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ‘பிள்ளை மடுவம்’. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுவது ‘பிரட்டு’. அப்பாயி இவற்றையெல்லாம் சுத்தத் தமிழ் என்றே எண்ணியிருக்கிறார்! பாணும் காம்பராவும் போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனவை, இஸ்தோப்பு டச்சுக்காரருடையது, மடுவம் சிங்களம், பிரட்டு, துரைமார்களின் ‘பரேடு’. ஆக, நாம் காக்க வேண்டும் என்கிற தாய்வீட்டுச் சொத்திலேயே பாதி, போன இடத்தில் கலந்து பெற்றது. தூய்மை பேசும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

அப்பாவின் கட்சி வேறு. ‘வெளியில இந்தப் பேச்செல்லாம் வேணாம்டா. இங்க உள்ளவன் மாதிரிப் பேசு’ என்பார். அவர் பட்டது அப்படி. நான் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டி அலைந்தோம். ஓர் அலுவலகத்தில், பூர்வீக ஊரில் போய் வாங்கி வாருங்கள் என்றார்கள். அந்த ஊருக்குப் போனால், இங்கே உங்கள் பெயரே இல்லையே, குடியிருக்கும் இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அப்பாயியின் தகரப் பெட்டியிலிருந்து மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு நான்காம் முறை போனபோதுதான் காரியம் முடிந்தது. ஐம்பது ஆண்டு அதை ஒரு பழஞ்சேலையில் சுற்றி வைத்திருந்தார். திரும்பி வரும் பேருந்தில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

விடுதியில் சேர்ந்த முதல் வாரம் நான் தண்ணீர்ப் ‘போத்தல்’ என்று சொல்லிவிட்டேன். மேசையே சிரித்தது. சமையற்காரப் பெரியவர் ‘சிலோன் ரேடியோ’ என்று பெயர் வைத்தார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. கரண்டி நிறையச் சாம்பார் ஊற்றிக்கொண்டேதான் சொல்வார். ஆயினும், ஒரு மாதத்தில் என் வாயிலிருந்து போத்தல் போய்விட்டது, பாணும் போய்விட்டது. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது நான் ‘பாட்டில்’ என்றதைக் கேட்டு அப்பாயி ஏறிட்டுப் பார்த்தார்.

கலப்பதை நான் குறை சொல்லவில்லை. அப்பாயியே மலையாளக் கடைக்காரரிடம் மலையாளம் பேசிக் கடன் சொல்கிறவர். படுகர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் அமர்கிறவர். இவற்றைச் செய் என்று அவரை யாரும் விரட்டவில்லை. சிரிப்புக்கு அஞ்சி ஒருவன் சொல்லை விழுங்குவதையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காக எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ‘பிரட்டு’ போகட்டும், ‘துரை’ போகட்டும். அவை குனிந்து நின்ற காலத்துச் சொற்கள். எதை விடுவது என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

விடக் கூடாது என்று நான் நினைப்பது காமன் கூத்து. மாசியில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் வேடமிட்டு ஆட, தப்பு முழங்க, சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரியும் கூத்து. துறையூர்ப் பக்கத்திலிருந்து அந்தப் பாட்டனார் கொண்டு போனது; மலையகத்து லயங்களில் தலைமுறைகள் ஆடியது; கப்பலேறி மறுபடி இக்கரை வந்தது. தாத்தா இருந்தவரை எங்கள் தோட்டத்தில் அவரே வாத்தியார். இப்போது இளைஞர் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு ரதி வேடத்துக்கு ஆள் இல்லாமல் கூத்தே நின்றது. இந்த ஆண்டு நடத்துவது என்று தோட்டத்தில் பேசியிருக்கிறார்கள். ரதி வேடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

பொங்கல் விடுமுறையில் அப்பாயி பாடச் சொல்லி எழுதத் தொடங்கினேன். தாவரவியல் செய்முறை ஏட்டின் பின்பக்கத்தில்தான். பேராசிரியர் மன்னிக்க வேண்டும்! தூதன் தட்சனிடம் போகும் இடத்தில் அப்பாயிக்கு இரண்டு அடி மறந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தார், வரவில்லை. அந்தக் காம்பராவில் படுத்திருந்த அப்பா, சுவர்ப்பக்கம் திரும்பியபடியே அந்த இரண்டு அடியையும் இராகம் தப்பாமல் சொன்னார். பிறகு, ‘காலேஜுல பரீட்சை எப்போ?’ என்று கேட்டார்.

அகமதிப்பீட்டுத் தேர்வு மாசியில்தான் வரும் என்கிறார்கள். அட்டவணை இன்னும் ஒட்டவில்லை.