கடலோர ரிசார்ட்டா, ஊருக்குள் ஹோட்டலா? மெக்ஸிகோவில் ஓர் அம்மா கேட்ட ஒரே கேள்வி!

டல்லாஸில் இருக்கும் அந்த வீட்டில் ஒரு வாரமாக இரண்டே விஷயங்கள்தான் பேச்சு. எட்டு மாதக் குழந்தைக்குப் பல் முளைப்பது ஒன்று. டிசம்பரில் மெக்ஸிகோ போனால் எங்கே தங்குவது என்பது இன்னொன்று.

கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணம். ஜனவரி முதல் வாரம் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் 'எங்கேயாவது' கூட்டிப்போக வேண்டும் என்று மகளுக்கு ஆசை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்ஸிகோ விசா தனியாகத் தேவையில்லை. டல்லாஸிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில், பசிபிக் கடலோரம் இருக்கும் புவேர்ட்டோ வயார்ட்டாவில் இறங்கிவிடலாம். அதுவரை பிரச்னை இல்லை. பிரச்னை, அதற்கப்புறம்.

மருமகன் பார்த்து வைத்திருந்தது, ஊருக்கு வடக்கே நுவேவோ வயார்ட்டாவில் ஒரு பெரிய ரிசார்ட். சாப்பாடு, குடி, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சி என எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும் 'ஆல் இன்க்ளூசிவ்'. லிஃப்ட் உண்டு, டாக்டர் உண்டு, கூப்பிட்டால் குழந்தைக்குத் தொட்டில் வரும். "அத்தைக்கு மூட்டு வலி, கைக்குழந்தை வேற. இதைவிட வேற என்ன வேணும்?" என்பது அவர் வாதம். தப்பே இல்லாத வாதம்.

மகள் பார்த்தது, ஊருக்குள் ஒரு சின்ன ஹோட்டல். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. வாடகை, ரிசார்ட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், அவளுக்கே அதில் முழு மனசு இல்லை. ஏப்ரலில் பிரசவமானதிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. யாராவது சமைத்துப்போட, நாலு நாள் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்றிருந்தது. அதை வெளியே சொல்லக் கூச்சம். 'அம்மாவுக்காகப் போற டிரிப்பு' ஆயிற்றே!

இருவரும் அம்மாவுக்கு எது நல்லது என்று அம்மாவை வைத்துக்கொண்டே விவாதித்தார்கள். அம்மா பேத்திக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கேட்டபோதெல்லாம் "உங்க இஷ்டம்" என்றார். நம் வீடுகளில் அந்த இரண்டு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அம்மாவின் ஐந்து மாதங்களைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணவரின் முதல் திதி முடியும்வரை அவரால் கிளம்ப முடியவில்லை. அதனால் பிரசவத்துக்கு மகளின் மாமியார் வந்துபோனார். அம்மாவின் முறை ஜூலையில் வந்தது. கும்பகோணத்தில் காலை ஐந்தரைக்கு வாசலில் இறங்கினால் பால், பூ, காய்கறி, கோயில் என ஒரு சுற்று முடித்து ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். வழியில் பத்துப் பேரிடமாவது பேச்சு. டல்லாஸ் புறநகரில் பக்கத்துக் கடைக்கே கார் வேண்டும். பாத்திரம் கழுவும் மெஷினை ஓட்டப் பழகிவிட்டார். வாசலைத் தாண்டித் தனியாகப் போக வழியில்லை. குறை என்று ஒன்றும் சொன்னதில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப்போவதைப் பார்ப்பார்.

கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அங்க வாசல்ல எறங்கி நடந்தா, ஒரு கடைகிடை இருக்குமா?"

மருமகன் ரிசார்ட்டின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வாசலுக்கு வெளியே நாலு வழிச் சாலை, அதன் ஓரமாக அடுத்தடுத்து ரிசார்ட்டுகள். "உள்ளேயே கிஃப்ட் ஷாப் இருக்கு அத்தை" என்றார். அம்மா தலையாட்டினார். அன்று இரவு மகள் முடிவைச் சொன்னாள். ஐந்து இரவுகள். முதல் இரண்டு ரிசார்ட், மீதி மூன்று ஊருக்குள். கைக்குழந்தையோடு நடுவில் பெட்டி கட்டுவது பெரிய பாடுதான். இருந்தும் அப்படியே புக் செய்தார்கள்.

புவேர்ட்டோ வயார்ட்டாவில் இறங்குபவர்களுக்கு முதல் பரீட்சை விமான நிலையத்திலேயே இருக்கிறது. சுங்கச் சோதனை முடிந்ததும் ஒரு கூடம். சீருடை போட்டவர்கள் "டாக்ஸியா?" என்று அன்பாகக் கேட்பார்கள். பாதிப் பேருடைய வேலை டாக்ஸி அல்ல. விடுமுறைக் குடியிருப்பில் பங்கு விற்பது. நின்று பேசினால் ஒரு காலைப்பொழுது போச்சு. நேராக வெளியே நடந்துவிட வேண்டும். அம்மா மட்டும் ஒவ்வொருவருக்கும் சிரித்து வணக்கம் சொல்லிக்கொண்டே வந்ததில் பத்து நிமிடம் தாமதம்.

ரிசார்ட்டில் கையில் பட்டை கட்டினார்கள். "ஆஸ்பத்திரியில கட்டுற மாதிரியே இருக்கே" என்றார் அம்மா. அந்தப் பட்டைதான் அங்கே பர்ஸ், சாவி எல்லாம். ஒருமுறை அது கையில் ஏறிவிட்டால் வெளியே போகத் தோன்றாது. கொடுத்த காசுக்கு உள்ளேதானே சாப்பிட வேண்டும்? வெளியே சாப்பிட்டால் இரண்டு தரம் செலவழித்த மாதிரி உறுத்தும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஆள் கட்டணத்தில் மதுவுக்கும் கடல் உணவுக்கும் பெரும் பங்கு. இரண்டு ரொட்டித் துண்டும் பழமும் தயிரும் சாப்பிடுகிற சைவ அம்மாவுக்கும், நாள் முழுக்க டெக்கீலா குடிக்கிற பக்கத்து நாற்காலிக்காரருக்கும் ஒரே விலை. நம்மூர்க் குடும்பங்கள் புக் செய்வதற்கு முன் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஆனால் ரிசார்ட்டைக் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. முதல் நாள் இரவு எட்டரைக்குப் படுத்த மகள், மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் கண் விழித்தாள். நடுவில் குழந்தை அழுததும், கணவர் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்ததும் அவளுக்குத் தெரியாது. எழுந்து கடலைப் பார்த்ததும் காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார்.

மத்தியானம் மூவரும் திமிங்கிலம் பார்த்தார்கள். பந்தேராஸ் விரிகுடாவுக்குக் குளிர்காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிபோட வரும். கரையிலிருந்து தெரிந்தது ஒரு தண்ணீர்ப் பீய்ச்சலும் கறுப்பாக ஒரு முதுகும்தான். "இதுவும் பிரசவத்துக்கு வந்திருக்கா?" என்றார் அம்மா.

இரண்டாவது நாள் சாயங்காலம் அவர் ரிசார்ட்டின் வாசல்வரை போய்த் திரும்பிவந்தார். காவலாளி டாக்ஸி வேண்டுமா என்று சைகையில் கேட்டாராம். "எங்க போறதுக்கு டாக்ஸி?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அறையை விட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் கத்திரிக்கோலால் பட்டையை வெட்டிவிட்டு ஊருக்குள் வந்தார்கள். 1963-ல் ஜான் ஹூஸ்டன் பக்கத்திலிருக்கும் மிஸ்மலோயாவில் 'தி நைட் ஆஃப் தி இகுவானா' படம் எடுக்க வந்தபோது இது சின்ன ஊர். நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனோடு எலிசபெத் டெய்லரும் வந்து தங்க, பின்னாலேயே பத்திரிகைக்காரர்கள் திரண்டார்கள். ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. குவாலே ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பழைய தெருக்களில்தான் அந்தச் சின்ன ஹோட்டல்.

இங்கே கஷ்டங்கள் வேறு மாதிரி. தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியிருக்கும். குழந்தையின் தள்ளுவண்டி பத்தடிகூட நேராகப் போகாது. கடலிலிருந்து விலகி மேற்கொண்டு நடந்தால் தெருவே மலையேறும். மூட்டு வலிக்காரர்களோடு வருகிறவர்கள் சமதளத் தெருவா, லிஃப்ட் இருக்கிறதா, எத்தனை படி என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. மகள் கேட்டிருந்தாள், கீழ்த்தள அறை கிடைத்தது. வெந்நீர் மட்டும் வருவேனா என்றது. இரவு பதினோரு மணிவரை பாட்டு. விடிவதற்கு முன் சேவல். மருமகன் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு, "அங்க எவ்ளோ அமைதியா இருந்துச்சு" என்றார். அதுவும் நியாயம்தான்.

கடற்கரை விஷயத்தில் ஊர்க்காரர்களுக்கு நஷ்டமில்லை. மெக்ஸிகோவில் கடற்கரை யாருடைய சொத்தும் அல்ல, நாட்டின் சொத்து. ரிசார்ட்டுக்குச் சொந்தமானது நாற்காலியும் குடையும்தான், மணல் அல்ல. வழியை மறித்தால் அபராதம் விதிக்க 2020-ல் சட்டத்தையும் திருத்தினார்கள். அன்று சாயங்காலம் பொதுக் கடற்கரையில், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தூவிய மாங்காய்த் துண்டுகளை ஒரு கப்பில் வாங்கிக் கொடுத்தபோது அம்மா, "நம்ம மெரினாவுலேர்ந்து யாரோ இங்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு முழுசையும் தின்றார். மிளகாய் இவர்களிடமிருந்து நமக்கு வந்தது, மாம்பழம் நம் பக்கத்திலிருந்து அங்கே போனது என்று மருமகன் போனைப் பார்த்துச் சொன்னார். 'சப்போட்டா' என்கிற பெயரே மெக்ஸிகோவின் நாவாட் மொழியில் பிறந்து ஸ்பானிஷ் வழியாக வந்ததுதான் என்றதும் அம்மா நம்பவில்லை.

மறுநாள் காலை ஏழே காலுக்கு மகள் விழித்தபோது அம்மாவின் கட்டில் காலி.

குளியலறையில் இல்லை. வாசலில் இல்லை. போன் மேஜைமேல் கிடந்தது. வரவேற்பிலிருந்த பையன் "சென்யோரா" என்று சொல்லி இடப்பக்கம் கையைக் காட்டினான். இடப்பக்கம் கடல். மருமகன் செருப்புகூடப் போடாமல் ஓடினார். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். ஆங்கிலமே தட்டுத்தடுமாறிப் பேசுகிற அம்மா. ஒரு ஸ்பானிஷ் வார்த்தை தெரியாது. ஹோட்டல் பெயர் நினைவிருக்குமா? ரிசார்ட்டிலேயே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. நாற்பது நிமிடங்கள் அப்படிப் போயின.

எட்டு மணிக்கு அம்மா எதிர்த்திசையிலிருந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் காகிதப் பொட்டலத்தோடு மெதுவாக நடந்துவந்தார்.

"எங்கம்மா போன? சொல்லிட்டுப் போக மாட்டியா?" மகள் தெருவென்றும் பாராமல் கத்தினாள்.

"ஏண்டி கத்துற? ஊர்ல நான் என்னிக்குச் சொல்லிட்டுப் போயிருக்கேன்?" என்ற அம்மா, கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்தார்: "அஞ்சு மாசமா எங்க போனாலும் உங்கிட்ட கேட்டுட்டுத்தான் போறேன்."

மகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கினாள். சூடாக இருந்தது. டோர்ட்டியா.

மணிச் சத்தம் கேட்டுத் தேவாலயம் இருக்கும் பக்கம் நடந்தாராம். வழியில் ஒரு கடைக்குள் மெஷின் கீச்சுக்கீச்சென்று ஓட, ரொட்டிகள் வரிசையாக வந்து விழுந்தனவாம். நின்று வேடிக்கை பார்த்தவரைக் கடைக்காரப் பெண் கூப்பிட்டு, சூடான ஒன்றை எடுத்து, உப்பைத் தூவிச் சுருட்டிக் கையில் கொடுத்திருக்கிறார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைப்பார்கள் என்று மகள் விளக்கியதும், "வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா? அதான் அந்த வாசனை!" என்றார் அம்மா.

"காசு?"

"ஏது காசு? நாளைக்குத் தர்றேன்னு கையைக் காட்டினேன். சரின்னுட்டா."

அடுத்த இரண்டு நாளும் அம்மா காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினார். கழுத்தில் ஹோட்டல் அட்டை, முந்தானை முடிச்சில் பெசோ நாணயங்கள். முதல் வேலையாகக் கடனை அடைத்தார். மகள் பின்தொடரவில்லை. தூங்கவும் இல்லை, அவர் திரும்பும்வரை விழித்தபடி படுத்திருந்தாள். சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் அவதி. பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, சாதத்தைக் கோழி ரசத்தில் வேகவைப்பதுண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது, அங்கே பலருக்குக் கோழி இறைச்சிக் கணக்கில் வராது. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். டோர்ட்டியா, அவகாடோ, சீஸ், பழங்கள் என்று ஓட்டினார்கள்.

சாயங்காலங்களில் ஊர்வலம். டிசம்பர் 1 முதல் 12 வரை குவாடலூப்பே மாதாவுக்காக இந்த ஊரில் ஒவ்வொரு கூட்டமாகத் தேவாலயத்துக்கு நடந்துவருவார்கள். கடைக்காரர்கள், ஹோட்டல் ஊழியர்கள், அந்தந்தத் தெரு மக்கள். காலில் சலங்கைபோலக் காய் ஓடுகளைக் கட்டிக்கொண்டு முரசுக்கு ஆடுகிறவர்கள் முன்னே வருவார்கள். அம்மா நடைபாதைத் திண்ணையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே வயதில் ஒரு மெக்ஸிகோ பாட்டி. இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "அவங்களுக்கும் மூட்டு வலியாம்" என்றார் அம்மா.

அப்பாவைப் பற்றியும் சொன்னாராம். மகளிடம் இந்த ஐந்து மாதங்களில் அப்பாவைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு.

கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போகும்போது மருமகன் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ரிசார்ட் இரண்டு நாள் செலவு, ஊருக்குள் மூன்று நாள் செலவைவிட அதிகம். நிமிர்ந்து, "சொல்லுங்க அத்தை, ரெண்டுல எது நல்லா இருந்துச்சு?" என்றார்.

அம்மா யோசித்தார். "வெந்நீர் அந்தப் பெரிய ஹோட்டல்லதான் நல்லா வந்துச்சு, மாப்பிள்ளை."