தொண்டைக்குள் போன ரகரம்

பிரெஞ்சு படிக்கப் போகிறவர்களை முதலில் மிரட்டுவது அந்த மொழியின் 'ர'. நுனிநாக்கைத் தூக்காதே, தொண்டையிலிருந்து எடு என்பார்கள். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துப் பழகு என்பவர்களும் உண்டு. புதுச்சேரியில் நான் சேர்ந்த மாலை வகுப்பில் முதல் வாரம் முழுக்க ஆளாளுக்குக் காறிக்கொண்டிருந்தோம். எனக்கு அதில் கூச்சத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். லத்தீன் வயிற்றில் பிறந்த இத்தாலியமும் ஸ்பானியமும் நம்மைப்போல நுனிநாக்கால் ர சொல்லும்போது, கூடப்பிறந்த பிரெஞ்சுக்கு மட்டும் ஏன் இந்தத் தொண்டைக்கட்டு? எப்போதிலிருந்து?

விசாரித்த இடத்திலெல்லாம் பெரும்பாலும் ஒரே பதில்தான். பதினான்காம் லூயியின் அரண்மனையில் சீமான்களும் சீமாட்டிகளும் நாசூக்காகப் பேசத் தொடங்க, அது ஊருக்கெல்லாம் தொற்றிக்கொண்டதாம். ராஜாவைக் காரணம் காட்டும் மொழிக் கதைகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்பேன். நம்மிடமும் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கதைக்கு எதிர்சாட்சி ஒரு நகைச்சுவை நாடகத்தில் கிடைத்தது. மோலியேரின் 'லெ பூர்ழ்வா ழாந்தியோம்'. ஜவுளி வியாபாரத்தில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு பிரபு ஆகிவிடத் துடிக்கும் முசியே ழூர்தேன், வீட்டுக்கே தத்துவ ஆசிரியரை வரவழைக்கிறார். தர்க்கம் வேண்டாம், இயற்பியலும் வேண்டாம், எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்கிறார். ஆசிரியரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று பாடம் நடத்துகிறார். ர வரும்போது அவர் தொண்டைப் பக்கமே போவதில்லை. நுனிநாக்கை மேலண்ணத்துக்கு உயர்த்தச் சொல்கிறார். மூச்சு வேகமாக மோதும்போது நாக்கு விலகி, திரும்ப வந்து, அப்படியே நடுங்கவேண்டும். ழூர்தேன் சொல்லிப் பார்த்துவிட்டு, நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று ஆசிரியரை மெச்சி, இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டேனே என்று அங்கலாய்க்கிறார்.

நாடகம் அரங்கேறியது 1670 அக்டோபரில், ஷாம்போர் அரண்மனையில். எதிரே உட்கார்ந்து பார்த்தவர் அதே பதினான்காம் லூயி. ழூர்தேனாக நடித்தது மோலியேரேதான்.

அந்தப் பாடமும் மோலியேர் சொந்தமாகக் கட்டியது அல்ல. பேச்சொலிகளைப் பற்றி ழெரோ தெ கோர்தெமுவா என்ற அறிஞர் 1668இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்து, கேலிக்கு ஏற்றபடி மேடையேற்றியிருக்கிறார். ஆக, அந்த அரசர் காலத்துப் படிப்பாளிகள் சரி என்று நினைத்த ர, நம்முடைய ர. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் ரகரத்துக்கு நுனிநாவையும் அண்ணத்தையும்தான் காட்டுகிறது. வகுப்பில் நாங்கள் மறக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்டது இந்த ரகரத்தைத்தான்.

ஆனாலும் ஒரு நாடகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. புத்தகம் ஒன்று சொல்ல, தெரு வேறு பேசுவது எந்த மொழியில்தான் இல்லை? பாரிஸில் ர அதற்கும் முன்பே ஆட்டம் கண்டிருந்தது. 1529இல் வெளியான தன் நூலில் அச்சுக்கலைஞர் ழெஃப்ருவா தோரி, பாரிஸ் பெண்கள் கணவனைக் குறிக்கும் 'மாரி'யை 'மாஸி' என்கிறார்கள் என்று எழுதிவைத்தார். அந்த மோகம் பிறகு வடிந்துவிட்டது. மிச்சமாக நிற்பது நாற்காலிக்குரிய 'ஷேஸ்'. அதன் பழைய உருவமான 'ஷேர்' பிரசங்க மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும் ஒதுங்கிக்கொண்டது.

ர ஏன் பின்னால் போனது என்பதற்கு மொழியியலாளர்கள் தரும் விளக்கங்களில் எனக்குப் பிடித்தது இது. பழைய பிரெஞ்சில் ஒற்றை ர, வல்லின ர என்று இரண்டு இருந்தன, நம் ர–ற போல. இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொள்ள வல்லின ர தொண்டைப் பக்கம் நகர்ந்தது. பிறகு ஒற்றை ரகரத்தையும் அது விழுங்கிவிட்டது. போர்ச்சுகீசியத்தில் இந்தப் பயணம் பாதியில் நின்றிருக்கிறது: லிஸ்பனில் வல்லின ர தொண்டையில், ஒற்றை ர நாக்கில். அரண்மனைக் கதையைவிட இதற்குக் கால் வலுவாக இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய நூற்றாண்டில் தொண்டை ரகரம் பாரிஸ் நகரத்தாரின் வழக்காக நிலைத்தது. மேடை நடிகர்களும் செவ்வியல் பாடகர்களும் அதற்குப் பிறகும் நெடுநாள் நுனிநாக்கை விடவில்லை.

கிராமங்கள்? அங்கேதான் தேடல் ருசிக்கத் தொடங்கியது. 1911இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஃபெர்தினான் புருனோ என்ற பேராசிரியர், பாத்தே நிறுவனத்தின் துணையோடு பேச்சொலிக் காப்பகம் ஒன்றைத் திறந்தார். 1912இல் ஆர்தென், 1913இல் பெரி, லிமூசேன் என்று பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்த இசைத்தட்டுகள் இப்போது பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கரகரவென்ற இரைச்சலுக்கு அடியில் பெரி நாட்டுக் கிழவர்கள் பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வட்டார வழக்கு பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் ர துல்லியம்: உருளுகிறது, நம்மூர் ரகரம்போல.

கிராமத்தான் பேச்சு என்று தள்ளிவிடவும் வழியில்லை. பூர்கோஞ் மண்ணில் 1873இல் பிறந்த கொலேத், பிரெஞ்சு உரைநடையின் உச்சங்களில் ஒருவர், கோன்கூர் அகாதெமியின் தலைவராக இருந்தவர். இருபது வயதிலிருந்து பாரிஸில் வாழ்ந்தும் ஊர் ரகரத்தை அவர் உதறவில்லை. முதுமையில் ஆந்த்ரே பாரினோவுக்கு அளித்த வானொலிப் பேட்டிகளில் அது கணகணவென்று கேட்கிறது. கடல் தாண்டி கனடாவின் மோன்ரெயாலிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நுனிநாக்கு ரகரம்தான் வழக்கம்.

தொண்டை ரகரமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. எதித் பியாஃப் பாடும்போது உள்நாக்கு படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்றைய பாரிஸ் பேச்சில் அது வெறும் உரசல். பல இடங்களில் உரசல்கூட இல்லை. பியாஃபைப் பின்பற்றிப் பழகுகிறவர்கள் பாட்டி காலத்துப் பிரெஞ்சு பேசுவார்கள். 1886இல் பாரிஸில் போல் பாசி கூட்டிய மொழி ஆசிரியர் சங்கத்திலிருந்து வளர்ந்த சர்வதேச ஒலிக்குறிகளில் இந்த உரசலுக்குத் தனிக் குறி இருக்கிறது: ரோமன் ஆர் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்டதால் நான் பயிற்சியை விட்டுவிடவில்லை. பாரிஸ் காதுக்கு இன்று பழகியது எதுவோ அதைத்தான் பேசவேண்டும். கொப்பளிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அதைவிட நல்ல வழி தமிழிலேயே இருக்கிறது. 'பகல்' என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் க, அடைபடாமல் தேய்ந்து வருகிறதே, அந்த இடத்திலிருந்து பின்நாக்கை உள்நாக்குப் பக்கம் ஒரு நூல் தள்ளினால் போதும். நுனிநாக்கு கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சும்மா படுத்திருக்கட்டும். 'க்ரி', 'க்ரெம்' போன்ற சொற்களில் ஆரம்பித்தால் ககரமே பின்நாக்கை உயர்த்திக் கொடுத்துவிடும். 'த்ருவா'வில் வரும் ரகரத்துக்குக் குரலே வேண்டாம், காற்று மட்டும். சொல்லின் கடைசியில் வரும் ரகரத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடலாம். அங்கே அழுத்தினால்தான் அந்நியம் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். அவருடைய பிரெஞ்சில் ஒரு ரகரம்கூடத் தொண்டைக்குப் போனதில்லை. அதை வைத்தே பிரான்சில் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். கொலேத்தின் பேட்டியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், கொஞ்ச நேரம் கழித்து, "யாருப்பா இந்தம்மா, காரைக்காலா?" என்றார்.