பேத்தமங்கலத்து ஞாயிறு

எங்கள் லைன் தெருக் குழாயில் வந்த தண்ணீரை அம்மா தண்ணீர் என்று சொல்லிக் கேட்டதே இல்லை. “பேத்தமங்கலம் வந்துடுச்சா?” என்றுதான் குடத்தோடு எட்டிப் பார்ப்பாள். கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) முழுக்க அந்த ஏரியைத்தான் குடித்தது. பாலாற்றை மறித்துக் கட்டிய பழைய ஏரி; ஊரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே நீரேற்று நிலையம் அமைத்து, சுரங்கத்துக்கும் எங்களுக்கும் குழாய் இழுத்து வந்திருந்தது.

வாரத்தில் ஆறு நாள் ஏரி எங்களிடம் வரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏரிக்குப் போவோம்.

அப்பாவின் சைக்கிள் கேரியரில் நான். ஹேண்டில்பாரில் களி உருண்டையும் சுட்ட கருவாடும் இருக்கும் தூக்கு. மீன் பிடிக்கப் போகிறவர்கள் கருவாடு கட்டிக்கொண்டு போவது அன்று யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. கரையில் முதல் ஷிஃப்ட்காரர்கள் ஒரு கட்சி, ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் ஒரு கட்சி. கோப்பை, மேடை, மாலை எதுவும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் எந்தக் கட்சியின் மீன் எடை கூடுதலோ அந்தக் கட்சிக்கு மற்றவர்கள் கோழி அடித்துப் போட வேண்டும். எடை போடக் கறிக்கடைத் தராசு ஒன்று சாக்கில் சுற்றி வரும். ஜிலேபிக்கு மண்புழு, விராலுக்குச் சின்னத் தவளை. ஒரு தடவை கேஜ் (சுரங்க லிஃப்ட்) ஓட்டும் மாமா பிடித்த விராலை வீட்டில் அறுத்தபோது வயிற்றுக்குள் கூழாங்கல் இருந்தது. விரால் கல் தின்னுமா தின்னாதா என்று இரண்டு ஷிஃப்டும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் கழி இல்லை. மில்க்மெய்ட் டப்பாவில் நைலான் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். நுனியில் முள், அதற்கு ஒரு சாண் மேலே ஈயத்துக்குப் பதிலாக ஒரு துருப்பிடித்த நட்டு. வீசியபின் நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் ஏற்றி, கட்டைவிரலால் மெல்ல அமர்த்திக்கொள்வார். பார்வை எங்கோ இருக்கும். கெளுத்தி முட்டுவதும் கவ்வுவதும் அவருக்கு வேறு வேறு. முட்டினால் அசையமாட்டார். கவ்வினால் மணிக்கட்டு மட்டும் ஒரு வெட்டு வெட்டும். கெளுத்தி மேலே வந்ததும் செருப்பால் அதன் முதுகை மிதித்து, முள்ளை நோகாமல் கழற்றுவார்.

அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்களாம். ‘ணங்’ என்றால் பாறை கெட்டி. ‘டொப்’ என்றால் விட்டிருக்கிறது, விலகி நில். அந்தக் காதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். மற்ற நாட்களில் பாறை வெடித்தால் வீட்டு அலமாரியில் பாத்திரம் கிடுகிடுக்கும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மசாலா அரைப்பாள்.

2018இல் வந்த சினிமா காட்டிய கே.ஜி.எஃப். எனக்குத் தெரியாத ஊர். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஏராளம். தூண்டில் வைத்திருந்த ஒருவரை நான் பார்க்கவில்லை.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து ஓடிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதைப் பற்றி எழுதியவர்கள் பலர். வழக்கு, நஷ்டஈடு, காலனி வீடு எல்லாம் அந்த எழுத்துகளில் இருக்கின்றன. இங்கே இதுபோதும்: காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களின் ஊராகிவிட்டது தங்கவயல். அப்படிப் போய்வருகிறவர்கள் போக மிச்சமிருந்த பிள்ளைகளில் சிலர் சென்னைப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

வந்தவர்களில் ஒருவன்தான் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினான். நம் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலில் சேர்கிறது. போட்டியை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றான். அப்படித் தொடங்கியது எங்கள் கடல் தூண்டில் போட்டி. விடியலில் தொடங்கி வெயில் ஏறும்வரை. உள்ளூர் மீனவர் ஒருவர் நடுவர். கையகலத்துக்குக் குறைந்த மீன் தண்ணீருக்கே திரும்பும். தோற்றவன் ஆம்பூர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். ஆம்பூரும் பாலாற்றங்கரைதானே! பெருமழை ஆண்டுகளைத் தவிர ஆற்றில் மேலிருந்து தண்ணீர் வருவதில்லை. பிரியாணி தவறாமல் வருகிறது.

கடல் மீன் வேறு சாதி. கரையோர மணலில் இறால் துண்டு போட்டால் கிழங்கான் படபடவென்று கொத்தும். வெள்ளி விரல் போல மேலே வரும். முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு உயிர் மடவையைக் கோத்துவிட்டு, கடல் ஏறும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒருவன் மூன்று கிலோ கொடுவா எடுத்தான். கைதட்டினோம், படம் பிடித்தோம். ஐந்து நிமிடத்தில் பேச்சு கேஜ் மாமாவின் கல் தின்ற விராலுக்குத் திரும்பிவிட்டது. கொடுவா எடுத்தவனுக்குக் கோபம். நியாயமான கோபம்தான்.

ஒரு வருடம் அப்பாவையும் அழைத்துப் போனேன். நெஞ்சில் பாறைத்தூசு சேர்ந்து, நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. தங்கவயல் இருப்பது கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் மேலே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறங்கியது சுமார் 3,200 மீட்டர். கழித்துப் பார்த்தால், கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, கை வைத்தால் சுடும் பாறையில் துளை போட்டுவிட்டு டிபன் பாக்ஸோடு வீடு திரும்பியவர்கள் அவரும் அவர் கூட்டாளிகளும்.

ரீல் வேண்டாம் என்றுவிட்டார். டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். அலை இழுத்த இழுப்பில் விரலுக்கு எதுவும் பிடிபடவில்லை. நரம்பை நாலைந்து தரம் சுற்றி எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நடுவரைக் கூப்பிட்டு, இங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டார்.

“இங்க இடுப்பளவுதான் பெரியவரே. கொஞ்சம் தள்ளிப் போனா ரெண்டாள் ஆழம் வரும்.”

அப்பா அலையை ஒரு தரம் பார்த்தார்.

“இதுக்கா இவ்ளோ சத்தம்?”