டீ வாங்க அனுப்பிவிடுவேன்

வயலின் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் கற்க வந்த பையனுக்கு முக்கியமான ஒன்றை நான் வேண்டுமென்றே சொல்லித்தரவில்லை. வஜ்ஜிரம் காய்ச்ச விட்டேன், பிருடை தேய்க்க விட்டேன், பிரிட்ஜ் செதுக்கவும் விட்டேன். சவுண்ட் போஸ்ட் வைக்கும்போது மட்டும் அவனை டீ வாங்க அனுப்பிவிடுவேன்.

வயலினுக்குள் நிற்கும் சின்ன மரக்குச்சிதான் அது. 6 மில்லிமீட்டர் கனம் இருக்கும். பசை கிடையாது, மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே இறுக்கத்தில் நிற்கும். மெல்லிய தந்திப் பக்கம், பிரிட்ஜின் காலுக்குச் சற்றுப் பின்னால் அதன் இடம். வளைந்த கம்பியில் குத்தி, எஃப் துளை வழியாக உள்ளே விட்டு நிமிர்த்த வேண்டும். இம்மி நகர்ந்தாலும் நாதம் மாறிவிடும். வித்வான்கள் என்னைத் தேடி வந்ததே அந்தக் கைவாகுக்காகத்தான். பையன் கற்றுக்கொண்டால் அவனிடம் போய்விடுவார்கள் என்று பயந்தேன். கேட்டவர்களிடம், "அவனுக்கு இன்னும் கை படியவில்லை" என்றேன். அது பொய். அவன் கை என் கையைவிட நிதானமானது.

வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவாரியே வார்னிஷ் ரகசியத்தை யாருக்கும் சொல்லாமல் போனவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. அவர் செய்த வயலின்களின் வார்னிஷை ஆராய்ந்தவர்கள் 2009இல் சொன்னது: எண்ணெய், பைன் பிசின், கொஞ்சம் நிறமி. எல்லாம் அந்தக் காலத்தில் சாதாரணமாகக் கிடைத்தவை.

என்னை உண்மையில் உலுக்கியவர் ஸ்ட்ராடிவாரியின் ஊரான இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த நிக்கோலோ அமாட்டி. 1630 வாக்கில் வந்த பிளேக்கில் அவருடைய தந்தை ஜிரோலமோ இறந்துபோனார். தாத்தா ஆண்ட்ரியா காலத்திலிருந்து குடும்பத்துக்குள்ளேயே இருந்த தொழிலை நிக்கோலோ வெளிப்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். ஆண்ட்ரியா குவார்னேரி அவர் வீட்டிலேயே தங்கிக் கற்றார். பிறகு அதே ஊரில் தனிப் பட்டறை போட்டார். ஸ்ட்ராடிவாரிக்குச் சமமாக இன்று மதிக்கப்படும் குவார்னேரி டெல் ஜெசு அந்தச் சீடனின் பேரன்தான். உள்ளூரிலேயே போட்டி முளைக்கும் என்று அமாட்டிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் கொடுத்திருக்கிறார். நான் ஒரு குச்சியை மறைத்தேன்.

பையன் அலுத்துப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டான். இப்போது எனக்குக் கை நடுங்குகிறது. கச்சேரிக்கு முந்தின நாள் போஸ்ட் விழுந்துவிட்டது என்று ஓடிவருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லித்தர இன்னும் என்னால் முடியும். அவனுடைய நம்பரும் இருக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற வெட்கத்தில் இன்றுவரை கூப்பிடாமல் இருக்கிறேன்.