நூலக வரி

வீட்டு வரி ரசீதுல நூலக வரியும் சேர்ந்தே வரும். வரியில ரூபாய்க்கு 10 பைசா. தவறாம கட்டுறேன், ஆனா நூலகத்துல கால் வச்சு இருபது வருசம் ஆச்சுங்க.

போன வாரம் மகளைப் பரீட்சைக்குப் படிக்க விடப்போய், மதுரை புது நத்தம் ரோட்டுல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குள்ள நானும் நுழைஞ்சேன். லிப்டு, ஏசி. என் அழுக்கு வேட்டிய யாரும் ஏற இறங்கப் பார்க்கல. தென்னைப் புத்தகம் கேட்டேன். ஒரு தம்பி கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்து அலமாரி வரைக்கும் கூட்டிட்டுப் போனார்.

வெள்ளை ஈக்கு விஷ மருந்து அடிச்சா, அதோட குஞ்சுல முட்டையிட்டு அழிக்கிற என்கார்சியா குளவியும் செத்துப்போகுமாம்; ஓலை அடிப்பக்கம் தண்ணிய பீய்ச்சி அடிக்கணுமாம். மருந்துக்கடைக்குன்னு எடுத்து வச்ச ரெண்டாயிரம் சட்டைப் பையிலயே இருந்துச்சு.

சாயங்காலம் மகதான் வந்து, "அப்பா, போலாமா?"ன்னா.